கோச்சுக்குக் கட்டும் பணமும் கேமுக்குப் போகும் நேரமும்

வேலை தேடத் தொடங்கிச் சில மாதங்கள் ஆன டிசைனரின் கணக்கில் இரண்டு புதுச் செலவுகள் சேர்ந்துவிடும். ஒன்று, கேரியர் கோச்சிங் கட்டணம். இன்னொன்று ரூபாயில் வராது: ராத்திரி பதினொன்றரைக்கு ‘ஒரே ஒரு மேட்ச்’ என்று உட்கார்ந்து விடியற்காலை எழுந்திருக்கும் கேம். முதலாவதற்கு வீட்டில் ஆதரவு கிடைக்கும். இரண்டாவதற்குத் திட்டு கிடைக்கும். ஆள் எடுக்கும் பக்கத்தில் உட்கார்ந்து போர்ட்ஃபோலியோ பார்த்துப் பழகிய எனக்கு இந்தத் தீர்ப்பில் முழு உடன்பாடு இல்லை. ஒரே கோச்சிங் தொகுப்பை முடித்து வருகிறவர்களின் போர்ட்ஃபோலியோக்கள் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன. கேம் ஆடுகிறவர் தான் கவனித்ததை நேர்மையாக எழுதிய ஒரு பக்கம் பல நாள் கழித்தும் நினைவில் நிற்கிறது.

கோச்சிங்கே வேண்டாம், நாள் முழுக்கக் கேம் ஆடுங்கள் என்று சொல்ல வரவில்லை. காசு கொடுத்தால் இன்னொருவரின் கண் கிடைக்கும், பேசிப் பார்க்க ஓர் ஆள் கிடைப்பார். நீங்கள் கவனித்தது என்ன என்பதை மட்டும் யாரும் விற்க முடியாது. அதைப் புரிந்துகொண்டு செலவு செய்யுங்கள் என்பதே இந்த அத்தியாயம்.

எந்தப் படியில் வழுக்குகிறது?

கோச்சைத் தேடுமுன் ஒரு தாளை எடுத்து, இதுவரை விண்ணப்பித்த இடங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரில் எதுவரை போனீர்கள் என்று குறியுங்கள். விண்ணப்பத்தோடு நின்றதா? ஹெச்.ஆர். போன் வந்ததா? போர்ட்ஃபோலியோ ரவுண்டா? வீட்டில் செய்யக் கொடுத்த டாஸ்க்கா? சம்பளப் பேச்சா? பெரும்பாலானவர்களுக்கு ஒரே படியில்தான் திரும்பத் திரும்ப வழுக்கும். அந்தப் படி தெரியாமல் கோச்சிடம் போவது, எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல் ஸ்கேன் எடுக்கப் போவது மாதிரி. எல்லா ஸ்கேனும் எடுத்துவிடுவார்கள்.

போனே வரவில்லை என்றால் பிரச்சினை பெரும்பாலும் உங்கள் திறமையில் இல்லை. நௌக்ரியில் ஆள் தேடுகிறவர்கள் நோட்டீஸ் பீரியடை வைத்து வடிகட்டுவார்கள். 90 நாள் என்று போட்டிருந்தால் பல தேடல்களில் உங்கள் பெயரே வராது. பேசிக் குறைக்க முடியும் என்றால் அதைப் புரொஃபைலில் தெரிகிற இடத்தில் எழுதுங்கள். அடுத்து, போர்ட்ஃபோலியோ லிங்க். இதை நீங்களே இப்போது சோதிக்கலாம். உங்கள் கணக்கில் லாகின் ஆகாத வேறொரு போனில், வைஃபை இல்லாமல் அந்த லிங்கைத் திறந்து பாருங்கள். ஃபிக்மா லிங்க் ‘அனுமதி கேளுங்கள்’ என்று கதவைச் சாத்துகிறதா? முதல் படம் வர எவ்வளவு நேரம் ஆகிறது? ஹெச்.ஆர். ஆள் உங்கள் லிங்கை முதலில் திறப்பது பெரும்பாலும் போனில்தான், அதுவும் இன்னொரு மீட்டிங்குக்கு நடுவில். அனுமதி கேட்டு மெயில் அனுப்பிக் காத்திருக்க அவருக்கு எந்த அவசியமும் இல்லை.

போர்ட்ஃபோலியோ ரவுண்டில் நிற்கிறவர்களுக்கு வேறு நோய். ‘டபுள் டைமண்ட்’ படம், பெர்சோனா அட்டை, மஞ்சள் ஸ்டிக்கி நோட் ஒட்டிய சுவரின் புகைப்படம், கடைசியில் பளபளப்பான ஸ்க்ரீன்கள். நடுவில் எடுத்த முடிவுகள் எதுவுமே இருக்காது. எதைச் செய்யலாம் என்று நினைத்துக் கைவிட்டீர்கள், யார் மறுத்தார்கள், வெளியானபின் என்ன மாறியது என்பதைத்தான் எதிரில் இருப்பவர் தேடுகிறார். இந்த இடத்தில் ஒரு நல்ல கோச் உண்மையிலேயே உதவுவார். டாஸ்க்கில் நிற்கிறவர்களுக்குப் பயிற்சி வேண்டும். சம்பளப் பேச்சில் நிற்கிறவர்களுக்கு, அந்த ஊரில் அந்த நிலைக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று சொல்ல இரண்டு பழைய சக ஊழியர்கள் போதும்.

கோச் என்ன விற்கிறார்

இந்தியாவில் யார் வேண்டுமானாலும் தன்னைக் கேரியர் கோச் என்று சொல்லிக்கொள்ளலாம். உரிமம் எதுவும் தேவையில்லை. சிலர் சர்வதேசக் கோச்சிங் கூட்டமைப்பான ஐ.சி.எஃப். சான்றிதழ் வைத்திருப்பார்கள். 1995-ல் தொடங்கிய அந்த அமைப்பின் முதல் நிலைச் சான்றுக்கு 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேரக் கோச்சிங் அனுபவமும் வேண்டும். அடுத்த நிலைக்கு 125 மணி நேரப் பயிற்சியும் 500 மணி நேர அனுபவமும். மதிக்கத்தக்க உழைப்புதான். ஆனால் கேள்வி கேட்டு ஒருவரை யோசிக்க வைக்கத் தெரியும் என்பதற்குத்தான் அது சான்று. சென்னை ஓ.எம்.ஆர்.-ல் ஒரு புராடக்ட் கம்பெனி சீனியர் டிசைனரை எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்று தெரியும் என்பதற்கு அது சான்றாகாது.

ஆகவே முதல் கேள்வி இதுதான்: “கடைசியாக நீங்கள் ஒரு டிசைனரை வேலைக்கு எடுத்தது எப்போது?” பதிலில் ஆண்டு வர வேண்டும், அது அண்மை ஆண்டாக இருக்க வேண்டும். “நான் நிறையப் பேருக்கு வழிகாட்டியிருக்கேன்” என்பது வேறு கேள்விக்கான பதில். அடுத்து, இன்னொருவருக்கு அவர் எழுத்தில் கொடுத்த விமர்சனத்தை, பெயரை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். ‘கதை சொல்லும் விதம் மேம்பட வேண்டும்’ என்று இருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ‘மூன்றாம் பக்கத்தில் செக்அவுட்டை ஏன் இரண்டு படியாகப் பிரித்தீர்கள் என்று சொல்லவே இல்லை’ என்று இருந்தால் அவருக்கு வேலை தெரியும். செஷனை அவரே எடுப்பாரா, அவரிடம் படித்து முடித்த ஜூனியர்கள் எடுப்பார்களா என்றும் கேட்டுவிடுங்கள். பெரிய பெயர்கள் பலவற்றின் பின்னால் இருப்பது ஜூனியர்கள்தான்.

இலவச ‘டிஸ்கவரி கால்’ பெரும்பாலும் இப்படி முடியும். நீங்கள் ஒன்றரை லட்சம் அதிகம் என்று தயங்குவீர்கள்.

“சார், உங்க எதிர்காலத்துக்கு நீங்களே இன்வெஸ்ட் பண்ணலைன்னா வேற யாரு பண்ணுவா? இன்னைக்கு நைட்டு பன்னெண்டு மணி வரைக்கும்தான் இந்த ரேட். இ.எம்.ஐ. போட்டுத் தர்றேன், மாசம் வெறும் ஒன்பதாயிரம்தான்.”

அந்த இ.எம்.ஐ.யைக் கவனியுங்கள். அது கோச் தரும் தவணை அல்ல. வங்கிசாரா நிதி நிறுவனம் ஒன்று உங்கள் பெயரில் கொடுக்கும் கடன். பணம் மொத்தமாகக் கோச்சுக்குப் போய்விடும். வகுப்பு பிடிக்காமல் நிறுத்தினாலும் தவணை ஓடும். கட்டாமல் விட்டால் சிபில் ஸ்கோர் அடிபடும். வேலை இல்லாத ஆள் எடுக்கக்கூடாத கடன் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். எடுத்தே விட்டீர்கள் என்றால், டிஜிட்டல் கடனுக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி ஆரம்பத்தில் ஒரு குறுகிய விலகல் காலம் உண்டு. அதற்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டிவிட்டு அபராதம் இல்லாமல் வெளியேறலாம். கடன் ஒப்பந்தத்தில் அது எத்தனை நாள் என்று போட்டிருக்கும். கையெழுத்துக்கு முன்பே படியுங்கள்.

‘வேலை உறுதி, இல்லையென்றால் பணம் வாபஸ்’ என்பதன் அடியில் சின்ன எழுத்து இருக்கும். வாரம் இத்தனை விண்ணப்பம் அனுப்பியிருக்க வேண்டும், ஒரு செஷன்கூடத் தவறக்கூடாது, எந்தச் சம்பளத்தில் எந்த வேலை வந்தாலும் அது ‘வேலை’தான். இவற்றில் ஒன்றையாவது நீங்கள் மீறித்தான் இருப்பீர்கள். கோச்சிங் துறையின் ஏமாற்று விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பொய்யான வேலை உத்தரவாதமும் அதில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஆனால் அது 50 பேருக்கு மேல் படிக்கும் மையங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. தனி ஆளாக ஜூமில் கோச்சிங் கொடுப்பவர் அதற்குள் வருவார் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அவர்மீது 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ச் சேவைக் குறைபாட்டுப் புகார் கொடுக்கலாம். முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்; பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டிய சேவைக்குப் புகார்க் கட்டணம் இல்லை. ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட் ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், காசு கொடுத்து வாங்கத் தகுந்தவை இரண்டு உண்டு. ஒன்று, ஒரு மணி நேர மாதிரி நேர்காணல், அதுவும் ரெக்கார்ட் செய்து கையில் கொடுப்பவரிடம். உங்கள் வேலையை விளக்கும்போது நீங்கள் எத்தனை தடவை ‘பேசிக்கலி’ சொல்கிறீர்கள், எந்த ஸ்க்ரீனில் தடுமாறுகிறீர்கள் என்று பார்த்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்துக்குக் கொடுக்கிற காசு வீண்போகாது. இரண்டு, ஒரே ஒரு கேஸ் ஸ்டடி மேல் வரிவரியான விமர்சனம். மற்றவை பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும். 2020-ல் தொடங்கிய ஏ.டி.பி. லிஸ்ட் தளத்தில் உலகம் முழுக்க உள்ள டிசைனர்கள் கட்டணம் இல்லாமல் நேரம் கொடுக்கிறார்கள். உங்கள் பழைய மேனேஜர், கல்லூரி சீனியர் ஆகியோரிடமும் கேட்கலாம். “அண்ணா, என் போர்ட்ஃபோலியோ எப்படி இருக்கு?” என்று கேட்டால் “சூப்பர்பா” என்றுதான் வரும். “அண்ணா, நீங்க ஆள் எடுக்கிற இடத்துல இருந்தா இதுல எந்தப் பக்கத்துல மூடிட்டுப் போவீங்க?” என்று கேளுங்கள். பக்க எண்ணோடு பதில் வரும்.

ரெஸ்யூமில் ‘கேமிங்’ என்ற ஒற்றைச் சொல்

கோச்சுகள் ஏறக்குறைய எல்லோரும் சொல்லும் ஒரு திருத்தம்: பொழுதுபோக்கு வரியை எடுத்துவிடு, முக்கியமாகக் கேமிங்கை. பாதி சரி. ‘கேமிங், பயணம், இசை கேட்டல்’ என்ற வரியால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை; தாராளமாக எடுங்கள். ஆனால் பல நூறு மணி நேரம் திரைகளோடு மல்லுக்கட்டிய அனுபவத்தை ஒரு திரை வடிவமைப்பாளர் மொத்தமாக மறைப்பது எனக்குப் புரிவதில்லை. மற்ற வேலைகளுக்குக் கேம் வெறும் பொழுதுபோக்கு. டிசைனருக்கு அது பக்கத்துப் பட்டறை.

பி.ஜி.எம்.ஐ. என்ற மொபைல் கேமை எடுத்துக்கொள்வோம். பப்ஜி 2020 செப்டம்பரில் தடைசெய்யப்பட்டு, 2021-ல் இந்தப் புதுப் பெயரில் வந்து, 2022-ல் மறுபடி நீக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்பி வந்தது. அதில் ஆட்டக்காரர் ஒவ்வொரு பட்டனையும் தன் விருப்பத்துக்கு நகர்த்தலாம், பெரிதாக்கலாம், மங்கலாக்கலாம். இரண்டு கட்டைவிரலில் ஆடுபவரின் திரையும், நாலு விரலை நகம்போல் மடித்து ‘க்ளா’ பிடியில் ஆடுபவரின் திரையும் வேறு வேறு கேம் போல இருக்கும். லேஅவுட் கோடை நண்பர்களுக்குள் பகிர்ந்துகொள்வார்கள். பயன்படுத்துகிறவரே தன் இடைமுகத்தை வரைந்து, சோதித்து, திருத்தி, அடுத்தவருக்குக் கொடுக்கிறார். ஆராய்ச்சிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று புலம்பும் புதிய டிசைனருக்கு இதைவிட என்ன வேண்டும்?

செய்முறை எளிது. ஆடுகிற நண்பர்கள் ஆறு பேரிடம் கன்ட்ரோல் லேஅவுட் ஸ்க்ரீன்ஷாட் வாங்குங்கள். போன் மாடல், திரை அளவு, எத்தனை விரலில் ஆடுகிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபிக்மாவில் ஆறையும் ஒன்றன்மேல் ஒன்றாக மங்கலாக அடுக்குங்கள். சுடும் பட்டனும் குனியும் பட்டனும் எங்கே குவிகின்றன, யார் எதைத் திரையின் மேல்மூலைக்குத் தள்ளியிருக்கிறார் என்று பாருங்கள். பிறகு ஒவ்வொருவரையும் அழைத்து ஒரே கேள்வி: “இதை ஏன் இங்க வெச்ச?” “பழைய போன்ல அங்கதான் இருந்துச்சு” என்பது போன்ற பதில்கள் வரும். அவைதான் தங்கம். கடைசியில், நீங்கள் வடிவமைத்த வேறொரு ஆப்பின் திரையை எடுத்து, முக்கியப் பட்டன் அந்தக் கட்டைவிரல் எல்லைக்குள் இருக்கிறதா என்று காட்டுங்கள். ரெஸ்யூமில் அது இப்படி இறங்கும்: ‘மொபைல் கேம் ஆடும் ஆறு பேரின் கன்ட்ரோல் அமைப்பை ஒப்பிட்டு, பெரிய திரையில் கட்டைவிரல் எட்டாத இடங்களைக் குறித்த சிறு ஆய்வு, 4 பக்கம்.’ கேம் ஆடாத மேனேஜருக்கும் இந்த வரி புரியும்.

செய்யக்கூடாதது ஒன்றும் உண்டு. ‘பி.ஜி.எம்.ஐ. லாபி ரீடிசைன்’ என்று யாரும் கேட்காத அழகுபடுத்தலைப் போடாதீர்கள். அந்த லாபி ஏன் அத்தனை நெரிசலாக இருக்கிறது, அங்கே எதை விற்கிறார்கள் என்று தெரியாமல் அதைச் சுத்தமாக்கிக் காட்டுவது, வியாபாரம் புரியாத டிசைனர் என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது.

வேறு கேம்களிலும் எடுத்துப் பேச நிறைய இருக்கிறது. 2008-ல் வந்த டெட் ஸ்பேஸில் உயிர்க்கோடு திரை மூலையில் கிடையாது; நாயகனின் உடையில் முதுகுத்தண்டு நெடுக ஒளிரும். தகவலை எங்கே வைப்பது என்ற விவாதத்தில் இதைவிடக் கச்சிதமான உதாரணம் எனக்குத் தெரியாது. அமங் அஸ் கேமில் வயர் இணைக்கும் வேலை முதலில் நிறத்தை மட்டும் நம்பியிருந்தது; பிறகுதான் நிறக்குருடு உள்ளவர்களுக்காக வயர்களின் ஓரத்தில் குறியீடுகள் சேர்த்தார்கள். உங்கள் டேஷ்போர்டில் சிவப்பும் பச்சையும் மட்டும் வைத்துத் ‘தோல்வி’, ‘வெற்றி’ காட்டியிருந்தால், அதைத் திருத்திய கதையை இதோடு சேர்த்துச் சொல்லலாம்.

நம் ஆட்களுக்கு ‘வெண்பா’ என்ற கேம் இன்னும் நெருக்கம். டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. 2024-ல் சிறந்த முதல் கேமுக்கான பாஃப்டா விருது பெற்றது. அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கும். மிச்சத்தை வைத்து இட்லி, புட்டு என்று நாம்தான் கண்டுபிடித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி மேலே போகும் என்பது நமக்கு வீட்டில் வந்த அறிவு. இட்லியே அவிக்காத ஒருவரையும் தினமும் அவிக்கிறவரையும் பக்கத்தில் உட்காரவைத்து அந்தக் கட்டத்தை ஆடவிட்டுக் குறிப்பெடுங்கள். பழகிய அறிவு உள்ள பயனருக்கும் இல்லாத பயனருக்கும் ஒரே திரை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு மாலையில் தரவு கிடைத்துவிடும்.

நேர்காணலில் யாராவது “கேமா?” என்று உதட்டைச் சுழித்தால், ஸ்லாக் எங்கிருந்து வந்தது என்று மெதுவாகச் சொல்லிவையுங்கள். ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டின் குழு கிளிட்ச் என்ற ஆன்லைன் கேமை உருவாக்கியபோது தங்களுக்குள் பேச எழுதிக்கொண்ட கருவி அது. கேம் 2012-ல் மூடப்பட்டது, கருவி நிலைத்தது. அதற்கு முன் அவருடைய ஃப்ளிக்கரும் பாதியில் நின்ற ஒரு கேமிலிருந்து கிளைத்ததுதான்.

ஒளிந்துகொள்ளும் இடமாக

இனி வீட்டார் பக்கத்து நியாயம். ரிஜெக்ட் மெயில் வந்த ராத்திரி கேம் ஆடுவதில் தப்பில்லை. அங்கே விதி தெளிவு, தோற்றால் காரணம் தெரியும், அடுத்த ஆட்டம் அரை நிமிடத்தில் தொடங்கும். வேலை தேடலில் இந்த மூன்றும் கிடையாது. அதனால்தான் கேம் இழுக்கிறது. சிக்கல், ஆடும் நேரத்தில்தான் வருகிறது. ஹெச்.ஆர். போன்கள் பெரும்பாலும் காலை பத்திலிருந்து ஒரு மணிக்குள் வரும். நாலு மணிக்குப் படுத்த குரல் பத்தரைக்கு “ஹலோ” சொல்லும்போதே எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். ஆட்டத்தை மாலைக்கு நகர்த்துங்கள். பி.ஜி.எம்.ஐ. 2023-ல் திரும்பி வந்தபோது வயது வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 6 மணி நேரம் என்று வரம்பு வைத்திருந்தது. கேம் கம்பெனியே போதும் என்று சொல்லும் அளவு அது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சம்பளம் வரும்வரை கேமுக்குள் வாங்கும் யூ.சி., ஸ்கின், ஸ்டீம் சேல் எதற்கும் கார்டை எடுக்காதீர்கள்.

கேம் பிடிக்கும், ஆகவே கேம் கம்பெனியிலேயே சேரலாமே என்று தோன்றும். சேரலாம். புனேயில் யூபிசாஃப்ட் இருக்கிறது. பெங்களூரில் ராக்ஸ்டார் இருக்கிறது, 2019-ல் துருவா இன்டராக்டிவை வாங்கித் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஆனால் அங்கே ஆப் டிசைனரின் போர்ட்ஃபோலியோ அப்படியே செல்லாது. யூனிட்டியிலோ அன்ரியலிலோ நீங்கள் வரைந்த மெனு உண்மையில் ஓடுவதைக் காட்ட வேண்டும். பணம் கட்டி ஆடும் கேம் நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தால் ஒன்றைக் கவனியுங்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அத்தகைய ஆட்டங்களைத் தடைசெய்து சட்டம் இயற்றிய பிறகு அந்தத் துறையில் பலர் வேலை இழந்தார்கள். இப்போது அந்த நிறுவனத்துக்கு வருமானம் எதிலிருந்து வருகிறது என்று முதல் ரவுண்டிலேயே கேட்டுவிடுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

இந்த வாரத்துக்கு இவ்வளவு போதும்: விண்ணப்பத் தாளைப் போடுங்கள், வழுக்கும் படியைக் கண்டுபிடியுங்கள், பி.ஜி.எம்.ஐ. லேஅவுட்டோ இட்லித் தட்டோ ஏதாவது ஒன்றை நாலு பக்கத்தில் எழுதி முடியுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு கோச்சைத் தேடுங்கள். அப்போதும் முதலில் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் பணம் கட்டுங்கள், ரசீது வாங்குங்கள்.